அண்ணையின் பெயரில் ஓடிய கார்

லைசன்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யசிந்தா நினைத்திருந்தாள். பாவம், யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்! ஒரு மாரிகாலம் முழுக்க பஸ் தரிப்பிடங்களில் நனைந்து, தியறிச் சோதனையில் கவிழ்ந்து, திரும்ப எழுதி, காரை ஓடிக்காட்டி, ஒருவழியாக அந்தச் சின்ன அட்டை கைக்கு வந்தது. வாங்கியவள் அதை முத்தமிட்டாள்.

அது பறிபோன கதை வயிற்றெரிச்சல். டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ பட்டணத்துக்கு வெளியே பண்ணை வீடுகளில் தனித்துக் கிடக்கிற வயோதிபர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இறுக்கமான காலுறை மாட்டிவிடுவது அவளுடைய வேலை. அடுத்து யார் வீடு என்பது வேலைத்தலம் கொடுத்த தொலைபேசியில்தான் வரும். கார் ஓடும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்ததற்கு ஒரு கிளிப், அதாவது லைசன்ஸில் விழுகிற குற்றப்புள்ளி. பிந்துகிறதே என்று விரட்டியதற்கு இன்னும் இரண்டு. மூன்று கிளிப் விழுந்தால் மறுபடி சோதனை எடுக்க வேண்டும். கொடுத்த தவணைக்குள் அவளால் முடியவில்லை, பொலிஸ் லைசன்ஸை எடுத்துக்கொண்டது. விரட்டு விரட்டு என்று விரட்டிய வேலைத்தலத்துக்கு ஒரு கிளிப்பும் விழவில்லை, அது வேறு.

சைக்கிளில் போகக்கூடிய பட்டண வீடுகளை இவ்வளவு நாளும் அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தவன் மேலாளர் ஜோனாஸ். நல்ல பையன்தான். ஆனால் அந்த வீடுகளுக்கு இப்போது வேறொருத்தி வந்துவிட்டாள்.

"திங்கட்கிழமை காரோடு வா, யசிந்தா. லைசன்ஸ் போய் வந்தவர்களுக்கு ஒரு கடிதமும் வேண்டும். காரை ஓட்டுகிறவள் நீதான் என்று இன்சூரன்ஸ் கம்பனி எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தை நான் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டி வரும்."

கணவன் இறந்த பிறகு வீடு ஓடுவது அந்த வேலையில்தான். கார் வாசலில் நிற்கிறது, லைசன்ஸ் கையில் இருக்கிறது, ஒரு கடிதம்தானே என்று அவள் ஓம் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் சிக்கல். நம்முடைய ஆட்களிடம் ஒரு கெட்டித்தனம் உண்டு. விபத்தே இல்லாமல் கனகாலம் ஓடியவருக்கு இன்சூரன்ஸ் மலிவு என்பது தெரிந்ததும், குடும்பத்தில் அப்படி ஒருவரைப் பிடித்து எல்லாக் கார்களையும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள். இவர்கள் வீட்டில் அந்தத் தலை மூத்த அண்ணன் இன்னாசித்தம்பி. முதலில் டென்மார்க் வந்தவர், மற்றவர்களைக் கூப்பிட்டவர். யசிந்தா தன் உழைப்பில் வாங்கிய காரையும் அவர் பெயரில்தான் பதிந்தார்கள். "ஆர் பேரில இருந்தா என்ன, நீதானே ஓடப்போறாய்" என்றார். அவளும் தலையாட்டினாள். பிறகு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் கம்பனி கேட்கும், இந்தக் காரை வேறு யாராவது வழக்கமாக ஓட்டுகிறார்களா என்று. அவரும் ஒவ்வொரு முறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்.

வெள்ளிக்கிழமை இருவரும் கம்பனிக் கிளைக்குப் போனார்கள். அண்ணன்தான் காரை ஓட்டினார்.

"நீ ஒண்டும் கதைக்காதை, பிள்ளை. நான் கதைக்கிறன். இனிமேல் நீயும் ஓடப்போறாய் எண்டு சொல்லி உன்ர பேரைச் சேர்த்துவிட்டாச் சரி."

மரினா என்கிற டெனிஷ் பெண் அவர்களை இருத்தி, கோப்பி கொடுத்து, கணினியைத் திறந்தாள். அவ்வளவு அன்பான பெண். அண்ணனின் பெயர் வந்ததும் முகம் மலர்ந்தது.

"ஒரு கீறல்கூட இல்லையே! இப்படி ஓட்டுகிறவர்கள் எங்களுக்குக் கொஞ்சப் பேர்தான்."

அண்ணன் சிரித்தார். அந்தக் கீறலில்லாத கணக்கில் பாதி யசிந்தா பனியிலும் மழையிலும் ஓடிச் சேர்த்தது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவளும் சிரித்தாள்.

மரினா யசிந்தாவின் அடையாள எண்ணைத் தட்டினாள். முகம் கொஞ்சம் மாறியது.

"அண்மையில் லைசன்ஸ் இழந்தவர் என்று இருக்கிறது. அப்படியானவரை நாங்கள் சேர்க்கிறது கஷ்டம். முந்தி விபத்தில்லாமல் ஓட்டியதற்கு ஏதாவது பதிவிருந்தால் நான் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பெயரில் எப்போதாவது இன்சூரன்ஸ் இருந்ததா?"

"இல்லை."

"எந்தக் காரிலாவது ஓட்டுநராகப் பதிந்திருந்தீர்களா?"

யசிந்தா அண்ணனைப் பார்த்தாள். அவர் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசன்ஸ் போகக் காரணமான மூன்று குற்றங்களும் நடந்தது இந்தக் காரில்தானா?" மரினாவின் குரலில் அதட்டல் இல்லை. "நீங்கள் இதை வழக்கமாக ஓட்டியிருந்தால் சொல்லுங்கள். அது உங்களுக்கு உதவக்கூடும். ஆனால் உங்கள் அண்ணன் எழுதித் தந்ததை அப்போது நான் திருப்பிப் பார்க்க வேண்டும்."

அண்ணன் தமிழில், உதடு அசையாமல் சொன்னார்:

"யசி, பொய் எழுதினனான் எண்டு போட்டா பொலிசுக்குப் போகும். என்ர வானை எடுத்துப்போடுவாங்கள்."

அவர் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிற வான் ஓட்டுகிறவர். பொலிஸ் பதிவில் ஒரு கறை விழுந்தால் அந்த வேலை போய்விடும். அறுபதை எட்டும் மனிதனை இனி யார் எடுப்பார்கள்?

அவளுக்குக் கோபம் கொதித்து வந்தது. யாரில் கோபிப்பது? சும்மா போன மனிதரை இழுத்து இதற்குள் விட்டது அவளா? அவர்தானே பதியச் சொன்னார்! பிறகு நினைத்தாள், தலையாட்டியது யார். அவர் கூப்பிட்டிராவிட்டால் அவள் இந்த நாட்டிலேயே இல்லை. வாயைத் திறந்தால் அண்ணன் போவார், திறக்காவிட்டால் அவள் போவாள். இத்தனை காலம் அவள் கார் ஓட்டினாள் என்பதற்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சாட்சி அந்த மூன்று கிளிப்தான். அதையும் இப்போது அவளே மறுக்க வேண்டும்.

"அந்த மூன்று நாளும் அவசரத்துக்கு அண்ணனிடம் கேட்டு வாங்கியது," என்றாள். டெனிஷ் மொழி அன்று தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. "மற்றபடி நான் கார் ஓட்டுவதில்லை. பக்கத்தில் இருந்து போவதுதான்."

"சரி," என்று மரினா கணினியில் தட்டினாள். நம்பினாளோ, நம்ப விரும்பினாளோ தெரியாது. "அப்படியென்றால் உங்களுக்கு அனுபவம் இல்லை என்றுதான் நான் போடவேண்டும். மன்னியுங்கள், இந்தக் கடிதத்தை என்னால் தர முடியாது."

வாசல் வரைக்கும் வந்து கதவைப் பிடித்தாள். பிறகு உண்மையான அக்கறையோடு யசிந்தாவின் கையைத் தொட்டாள்.

"பயப்படாதீர்கள். பயிற்சி ஆசிரியர் ஒருவரோடு கொஞ்ச நேரம் ஓடிப் பழகுங்கள். மெல்ல மெல்லத் தைரியம் வரும்."

"நன்றி," என்றாள் யசிந்தா.

கார் தரிப்பிடத்தில் அண்ணனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சினார். "ஜோனாசோட நான் கதைக்கட்டே? ஏதாவது செய்வம், பிள்ளை."

"என்னத்தை அண்ணை செய்யிறது? ஒண்டும் செய்யேலாது. விடுங்கோ."

அவர் கார்த் திறப்பை நீட்டினார். "இந்தா. வீட்டுக்காவது நீ ஓடன். உன்ர கார்தானே."

அவள் திறப்புக்குக் கையை நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் மரினா நின்று, போய்வாருங்கள் என்று கையசைத்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கையாலேயே யசிந்தாவும் அசைத்தாள்.

"நீங்களே ஓடுங்கோ, அண்ணை."

சுற்றிப்போய் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட் போடக் கை, இடப்பக்கத்துச் சாரதி இருக்கையில் இருந்து ஓடிய பழக்கத்தில், தானாக இடது தோளுக்கு மேலே போய்த் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.