ட்ரெஸ்ஸாவுக்கு வாய்த்த ஜோடி

ட்ரெஸ்ஸா ஃபியூகேட் மாத்திரைப் பழக்கத்தை விட்டு இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. சும்மா இருக்கும் கைதான் பழைய இடத்தைத் தேடிப் போகும், அதற்கு ஏதாவது வேலை கொடு என்று மறுவாழ்வு மையத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்படித்தான் அவள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு நடக்கும் இசை வகுப்பில் சேர்ந்தாள். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை முடித்த கையோடு, சோப்பு வாசனையும் போகாமல், நேராக வந்துவிடுவாள்.

வகுப்பில் பத்துப் பதினோரு பேர். ஒரு பக்கம் டல்சிமர்காரர்கள், எதிர்ப்பக்கம் கிதார்காரர்கள். சொல்லிக்கொடுத்த ஓடெல் ஹர்ஸ்ட் முப்பது வருஷம் அந்த மலைப் பாதைகளில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். டல்சிமரை மடியில் கிடத்தி ஒரு தந்தியில் மட்டும் விரலை ஓட்டினால் போதும், மற்றவை பாட்டுக்குச் சுருதி போட்டுக்கொண்டிருக்கும். "பாவிக்கும் வசப்படுற வாத்தியம் இது, பயப்படாதீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ட்ரெஸ்ஸாவும் சிரிப்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு பெண்மணி ஒரு சிறுமியைக் கிதார் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தாள். அந்தப் பெண்மணியின் முன்னந்தலையில் ஒரு கொத்து முடி மட்டும் வெள்ளையாக இருந்தது. ட்ரெஸ்ஸாவின் விரல் தந்திமேல் அப்படியே நின்றுவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் நீதிமன்றத் தாழ்வாரத்தில், ட்ரெஸ்ஸாவின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்ற மார்லீன் காடில்தான் அது. அன்றைக்குத்தான் நீதிபதி, இந்தத் தாய்க்கு இந்தக் குழந்தைமேல் இனி எந்த உரிமையும் இல்லை என்று தீர்ப்பு எழுதினார். பிறகு காடில் தம்பதி முறைப்படி தத்தெடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மார்லீனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்று அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். இப்போது உடம்பு தேறி, பல்செட்டும் கட்டி, வேறு ஆளாகியிருந்தாள்.

சிறுமியின் பெயர் ஹேட்டி. ட்ரெஸ்ஸா வைத்த பெயர் ஐவலீ.

அன்றே எழுந்து போயிருக்கலாம். போகவேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் ஓடெல், புதிதாக வந்தவளை யாரோடு உட்கார வைப்பது என்று சுற்றிலும் பார்த்து, ட்ரெஸ்ஸாவுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு டல்சிமருக்கு ஒரு கிதார், அதுதான் அவர் வழக்கம்.

ஹேட்டிக்கு விரல் சின்னது, காது கூர்மை. ஒரே மாதத்தில் ட்ரெஸ்ஸாவைத் தாண்டிப் போய்விட்டாள்.

"மிஸ் ட்ரெஸ்ஸா, நீங்க மறுபடியும் ஓடுறீங்க. நான் நாலு எண்ணுற வரைக்கும் இருங்க."

"இருக்கேன்மா."

"இருக்கேன் இருக்கேன்னுதான் சொல்றீங்க, இருக்க மாட்டேங்கிறீங்களே."

ட்ரெஸ்ஸா குனிந்து தந்தியைப் பார்த்துக்கொண்டாள். பள்ளியில் கணக்கு பிடிக்காது, வீட்டில் இரண்டு ஆடு இருக்கிறது, தக்காளி வாயில் வைக்க முடியாது என்று பிள்ளை பேசிக்கொண்டே போகும். ட்ரெஸ்ஸா பதிலுக்கு எதுவும் கேட்கமாட்டாள். ஒரு கேள்வி கேட்டால் நூறு கேள்வி வந்துவிடும் என்று பயம். வெள்ளிக்கிழமை முதல் புதன்வரை சலவைக்கூடத்தில் வந்து குவியும் படுக்கை விரிப்புகளை மடித்தபடி, ஆட்டுக்கு என்ன பெயர் வைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

அக்டோபரில் ஊர்த் திருவிழாவில் வகுப்பே சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. பெயர் அட்டை எழுத மார்லீன் உதவிக்கு வந்தாள். ஓடெல் கொடுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தவள் ஃபியூகேட் என்ற பெயர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். நிமிர்ந்து ட்ரெஸ்ஸாவையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, கொஞ்சம் வெளியே வர முடியுமா என்று மெல்லக் கேட்டாள்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் இன்னும் வெயில் இருந்தது. இருவரும் மார்லீனின் வண்டியருகே நின்றார்கள்.

"வேணும்னே வந்தியா?"

"இல்லீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் இங்க சேர்ந்துட்டேன். ஓடெல் கிட்டக் கேளுங்க."

"அவ கிட்ட ஏதாவது சொன்னியா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

மார்லீன் நம்பினாள், முகத்தில் தெரிந்தது. அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

"தத்தெடுத்த பிள்ளைன்னு அவளுக்குத் தெரியும். மத்தது கொஞ்சம் பெரியவளாகட்டும்னு இருக்கோம். போன வருஷம் முழுக்க ராத்திரியில அலறி அலறி எழுந்தா. இப்பதான் தூங்குறா. எனக்கு உன்மேல கோபம் இல்ல ட்ரெஸ்ஸா. நீ நல்லாயிட்டது சந்தோஷம்தான். ஆனா என்னால முடியாது."

"நான் எதையும் கேக்கல. வியாழக்கிழமை ஒரு மணி நேரம். அவ எண்ணுவா, நான் வாசிப்பேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்னு உன்னால சொல்ல முடியுமா?"

ட்ரெஸ்ஸா வாய் திறந்தாள். முடியும் என்று சொல்ல வரவில்லை. பொய் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளையை இழந்தோம் என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. மார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஹேட்டி கிதார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு முனகியபடி வெளியே வந்தாள். பாதியில் கிளம்புவதாம், ஏனென்று அம்மா சொல்லவில்லையாம். வண்டியில் ஏறும்போது, "அடுத்த வாரம் நீங்க அந்த மூணாவது வரியைப் பழகிட்டு வரணும்" என்றாள்.

"சரி கண்ணு" என்றாள் ட்ரெஸ்ஸா.

வண்டி பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது. வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவளுக்குப் போக வேறு இடம் தெரியவில்லை. தெரிந்த இடம் ஒன்று இருந்தது, அங்கே போகக்கூடாது. படியிறங்கி உள்ளே வந்து, மறுவாழ்வு மையத்தில் தனக்குத் துணையாக இருக்கும் பெண்ணுக்கு, முடிந்ததும் என்னை வந்து கூட்டிக்கொண்டு போ என்று செய்தி அனுப்பினாள்.

பாப்பா எங்கே என்று ஓடெல் கேட்டார். வயிற்று வலி என்று சொல்லி வைத்தாள். அவர் எதிர் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முதலிலிருந்து வாசிக்கலாம் என்றார். எல்லோரும் வாசித்தார்கள். மூன்றாவது வரியில் அவள் முந்திக்கொண்டு ஓடினாள். இரு என்று சொல்ல யாரும் இல்லை.