விவசாய வெள்ளாடு

வெள்ளாட்டுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். ஜீப் உரசிக்கொண்டு போன அந்த ஒரு நொடியில் சைக்கிளில் இருந்த யாஹென் அதைப் பார்த்துவிட்டான். ஓட்டுகிற இடத்தில் விடுதிக்கார பால்சர். பின்னால் நகரத்து விருந்தாளிகள் இருவர், நடுவில் ஆடு. வண்டியின் முதுகில் இரண்டு புது சைக்கிள்கள் தொங்கின. ஹாரன் அடித்தார்கள். நிற்கவில்லை.

புழுதி அடங்கியபோது மகள் மெங்கியா ஆற்றுப் பக்கச் சரிவில் சைக்கிளுக்கு அடியில் கிடந்தாள்.

தூக்கினான். முட்டியும் உள்ளங்கையும் சிராய்த்திருந்தன. பல் எல்லாம் இருந்தது.

"நான் ஒண்ணும் அழல," என்றாள் அழுதுகொண்டே. "அந்த ஆடு என்னப் பாத்துச்சுப்பா."

அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றின் அக்கரையில் தார்ச்சாலை, இக்கரையில் சரளைப் பாதை. சரளைப் பாதை ஊரிலிருந்து மேய்ச்சல் மலை வரை ஏறுகிறது. மோட்டார் வண்டி எதுவும் அதில் போகக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்தவர்களில் இன்றைக்குப் பாதிப் பேர் உயிரோடு இல்லை. மெங்கியாவின் அம்மா செராய்னா இறந்தது அக்கரையில். பனிச்சரிவு இந்தப் பாதையை மூடியிருந்த ஒரு மாலை, வேறு வழியில்லாமல் தார்ச்சாலையில் சைக்கிளில் வந்தாள். பின்னால் ஒரு லாரி வந்தது. அதற்குப் பிறகு மெங்கியா சைக்கிள் ஓட்ட உலகத்தில் யாஹெனுக்குத் தெரிந்து ஒரே ஒரு பாதைதான் மிச்சம்.

அவளுக்கு இந்தக் கோடையில் ஒரே ஆசை. அப்பாவுக்கு முன்னால், தனியாக, வளைவு தாண்டி, அப்பா கண்ணுக்குத் தெரியாத தூரம் போக வேண்டும். உதிரிக் கல்லில் வழுக்காமல் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டால் விடுகிறேன் என்றிருந்தான். கற்றுக்கொண்டாள். அந்த வாரம்தான் ஜீப் வர ஆரம்பித்தது.

பாதையின் தொடக்கத்தில் தடைப் பலகை இருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில், 'விவசாய வேலை தவிர'. வைக்கோல் டிராக்டருக்காக எழுதியது. பால்சர் ஒரு வெள்ளாடு வாங்கினான். அதை ஜீப்பில் உட்கார வைத்தான். அவ்வளவுதான், ஜீப் விவசாயம் செய்யத் தொடங்கிவிட்டது.

அவன் விடுதி வாசலில் ஆள் உயரத்துக்கு விளம்பரம் வைத்திருந்தான்: 'வண்டியே இல்லாத பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டுங்கள்.' வருகிறவர்களுக்கு ஓட்டத்தான் ஆசை, மலை ஏறத்தான் காலில் தெம்பு இல்லை. அதனால் மேலே வரை ஜீப்பில் ஏற்றிவிடுகிறான். அங்கிருந்து வண்டியே இல்லாத பாதையில் இறங்குகிறார்கள்.

யாஹென் போன வாரம் காவலரைக் கூப்பிட்டுப் பார்த்தான்.

"வண்டியில ஆடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப விவசாயம். ஆடு இல்லாம ஓட்டினா கூப்பிடு, அந்த நிமிஷமே வரேன்," என்றார். சிரித்தாரோ என்னவோ, போனில் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்று மகளிடம் கேட்டான்.

"வேணாம். மேல போய்த் திட்டலாம்."

ஏறினார்கள். தடித்த டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்ததால் சரளை கையை உதைக்கவில்லை, நெறுநெறுவென்று அரைபட்டது. செராய்னா போனதிலிருந்து யாஹெனுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாடு, குளிர், ஆறுதல் சொல்ல வந்தவர்கள், எல்லாம் ஒன்றுதான். இப்போது ஏதோ உறைத்தது. அது கோபம் என்று புரிய அவனுக்கு இரண்டு வளைவு பிடித்தது.

பாதை முடிகிற இடத்தில் பாலாடைக்கட்டி செய்யும் குடிசை. அதை ஒட்டி மேய்ச்சல் மலையின் மரக்கதவு. ஜீப் கதவுக்கு வெளியேதான் நின்றது, ஆனால் ஆடு அதில் இல்லை. மேய்ச்சல் பொறுப்பாளர் ஊர்சினா கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். எதிரே பால்சர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு போட்டோவுக்கு உள்ள விட்டேன், அவ்வளவுதான! புடிச்சுக் குடு!"

"ஏறினது ஏறினதுதான்," என்றாள் ஊர்சினா. "கதவத் தாண்டின உருப்படி செப்டம்பர்லதான் எறங்கும். உங்கப்பா இருபது மாடு ஏத்தினவரு. உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

விருந்தாளிகள் மலைப் பின்னணியில் ஆட்டோடு படம் எடுக்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். பால்சரும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். ஆடு ஒரே ஓட்டமாக ஓடி மந்தையில் கலந்துவிட்டது. நோய் பரவும், பால் கணக்கு குழம்பும் என்பதால் கோடை முடியும் முன் மேலிருந்து எதையும் இறக்குவதில்லை. அந்த ஊரில் கல்யாணத் தேதியைக் கூட மாற்றுவார்கள், அந்த வழக்கத்தை மாற்ற மாட்டார்கள்.

விருந்தாளிகள் இருவரும் சைக்கிளை இறக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிப் போனார்கள்.

பால்சர் ஜீப்பில் ஏறினான். யாஹென் தன் சைக்கிளை அதன் முன்னால் குறுக்கே படுக்க வைத்தான்.

"எடுடா அத."

"எதுக்கு?"

"கீழ போகணும்."

"எந்த விவசாயத்துக்கு?"

பால்சருக்குப் புரிந்தது. கழுத்து சிவந்தது. "வேடிக்க பண்ணாத யாஹென்."

"என் பொண்ணு பள்ளத்துல கெடந்தா. நீ ஹாரன் அடிச்சிட்டுப் போன."

"எச்சரிக்கத்தான் அடிச்சேன்."

"யார? பின்னால இருந்த ஆட்டையா?"

பால்சர் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன்னு ஊரே உன்னப் பொறுத்துக்குது. அதுக்காகப் பாதையவே எழுதிக் குடுக்க முடியுமா?"

"எனக்கு எழுதிக் குடுக்க வேணாம்," என்றான் யாஹென். குரல் உடைந்து உயர்ந்தது. அவனுக்கே அது வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "இருக்கறது ஒரே ஒரு பாத. வண்டி இல்லாதது. அதையும் வண்டியில போய் விக்கிற. வெக்கமா இல்ல உனக்கு? ஓட்டு. ஆடு இல்லாம ஓட்டு. போலீஸ்காரர் அதுக்குத்தான் காத்திருக்காரு."

"நான் சாட்சி," என்றாள் ஊர்சினா.

"நானும்," என்றாள் மெங்கியா.

பால்சர் எஞ்சினை அணைத்தான். "நாளைக்கே இன்னொரு ஆடு வாங்கிட்டு வந்து ஜீப்ப எறக்கிக் காட்டறேன்."

"கொண்டு வா. நடத்திக் கொண்டு வா," என்றாள் ஊர்சினா. "அது இருக்கட்டும், சனிக்கிழம நீயே வரணும். மந்தையில உருப்படி விட்டவன் ஒரு நாள் மேய்ச்சல் நெலத்துல கல் பொறுக்கணும். கையுறைய மறந்துடாத."

பால்சர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். கீழே நடக்கத் தோதில்லாத செருப்பு போட்டிருந்தான். எதையோ முணுமுணுத்துக்கொண்டே புல்வெளிக் குறுக்குவழியில் இறங்கினான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. மெங்கியாவின் முட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாஹென் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு ஆள் ஒழுங்காக இருக்க ஒரு ஆடு ஓடிப்போக வேண்டியிருக்கிறது. ஊர் கைதூக்கிப் போட்ட முடிவுக்கு மரியாதை அவ்வளவுதான்.

"அப்பா," என்றாள் மெங்கியா. முட்டியில் ஊர்சினா கட்டிவிட்ட துணி. ஒரு கால் ஏற்கெனவே பெடலில் இருந்தது. "ஜீப்பு இங்கதான நிக்குது?"

"இங்கதான்."

"அப்ப கீழ எதுவும் வராதுல்ல?"

ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. சாம்பல் நிறப் பாதை வளைவு வரை காலியாகக் கிடந்தது. யாஹெனுக்கு 'வேண்டாம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினான்.

"போ," என்றான்.

அவள் போனாள். கல் நெறுநெறுக்கும் சத்தம் வளைவு வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவன் பின்னால் போகாமல் அங்கேயே நின்றான்.