அரை மணி நேரக் கணக்கு

மருந்துக் கடையில் பதினோரு வருஷம் நின்றவளுக்கு, வருகிறவரின் முகத்தைப் பார்த்தாலே எந்த டப்பாவுக்குக் கை போக வேண்டும் என்று தெரிந்துவிடும். டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் பாதி. "அக்கா, நீங்களே பாத்துக் குடுங்க" என்று வருகிறவர்கள் மீதி. அந்த மீதிப் பேர்தான் அவள் தலையில் கனத்தை ஏற்றிவிட்டார்கள். முதுகுவலிக்கு அவளிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் அடங்கினால் சதைப்பிடிப்பு, அடங்காவிட்டால் எலும்பு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. ஆனால் வாங்கிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை, அது போதாதா அவளுக்கு!

மகளுக்குப் பதினான்கு வயது. வேகப்பந்து வீசுவாள். மைதானத்தில் அவள் பெயர் புல்லட். காலையில் பள்ளி அணி, மாலையில் கிளப், ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஓய்வு என்பது பயிற்சியாளர் அகராதியில் கெட்ட வார்த்தை. அணியில் பந்து வீசுகிற பெண்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் சும்மா பேருக்கு. ஆகவே எல்லாச் சுமையும் புல்லட் முதுகில்தான்.

ஒரு சாயங்காலம் அவள் கடைக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, இடுப்புக்கு மேல ஒரு பக்கம் குத்துது. பந்து போட முன்கால ஊனும்போது உயிரே போகுது."

"சதை பிடிச்சிருக்கும். இதப் போட்டுக்கோ. அரை மணி நேரத்துல போச்சுன்னா ஒண்ணுமில்ல. போகலைன்னா எலும்பு. அப்புறம் பந்து, ஷூ எல்லாத்தையும் பரண்ல தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், அடுத்தவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டே. அரை மணி நேரம் கழித்து, "போச்சா?" என்று கேட்டாள்.

"போச்சும்மா."

ஏழு மாதம் இப்படியே ஓடியது. மேட்ச் உள்ள காலையில் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, பிறகு அதே கேள்வி, அதே பதில். கடைசி மாதத்தில் ஷூ கயிறு கட்ட மகள் குனிவதை நிறுத்திவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிடுவாள். "மகாராணிக்குக் குனியக்கூட வலிக்குதாக்கும்" என்று கிண்டல் செய்துகொண்டே அம்மா கட்டிவிடுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஊரார் முதுகையெல்லாம் கரைத்துக் குடித்தவளுக்கு, காலடியில் உட்கார்ந்தும் இது கண்ணில் படவில்லையே, அதைத்தான் என்ன சொல்ல.

மாநில அணித் தேர்வு நாளன்று கயிறு அவிழாமலிருக்க அம்மா இரட்டை முடிச்சாகப் போட்டாள். மூன்றாவது ஓவரில் மகள் முன்காலை ஊன்றினாள், பந்து கையிலேயே இருந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது கால் மரத்துப் போய்விட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"முதுகெலும்புல இந்தப் பக்கத்து விரிசல் பழசு. அப்பவே விளையாட்ட நிறுத்தி சில மாசம் ஓய்வு குடுத்திருந்தா ஒட்டியிருக்கலாம். அதோடயே ஓடினதுல அந்தப் பக்கமும் விட்டுடுச்சு. எலும்பு முன்னால நகந்து நரம்ப அழுத்துது. எப்படிம்மா விட்டீங்க?"

"மாத்திரை போட்டா அரை மணி நேரத்துல போயிடும் சார். அதனால சதைன்னு..."

"எது சதை, எது எலும்புன்னு மாத்திரைக்குத் தெரியாதும்மா."

"மறுபடி எப்போ பந்து போடலாம், டாக்டர்?" என்று கேட்டாள் மகள்.

"முதல்ல ஆபரேஷன் முடியட்டும். நல்லா நடக்க முடியுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டாள். மகள் காலில் ஷூ இன்னும் அப்படியே இருந்தது. அம்மா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், நகம்தான் பிய்ந்தது.

"போச்சு போச்சுன்னு சொன்னியேடி."

"ஒரு நாளும் போகலம்மா. போகலைன்னா பரண்ல போட்டுடணும்னு சொன்னியே."

சுவர்க் கடிகாரத்தில் ஊசி போட்டு அரை மணி நேரம் ஆனது. முடிச்சிலிருந்து கையை எடுக்காமலே அம்மா கேட்டாள்.

"இப்ப வலி எப்படி இருக்கு?"

"போச்சும்மா" என்றாள் மகள்.