ஆள் உள்ளே

ஸ்பீக்கர் கம்பியைப் பெரியவன் கழற்றத் தொடங்கியபோது அப்பா இன்னும் வீட்டை விட்டுப் போயிருக்கவில்லை. கூடத்தில் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். பக்கத்து அறையில் அவருடைய மகன் தரையில் மண்டியிட்டு, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, அவருடைய ரிசீவரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

“கையை எடு” என்றாள் சின்னவள்.

“கத்தாத. கூடத்துல ஆளுங்க இருக்காங்க.”

“நானா கத்துறேன்? பொணம் எடுக்கறதுக்குள்ள பொட்டி எடுக்க வந்துட்டு என்னைச் சொல்றியா?”

பெரியவன் நிமிரவில்லை. “அப்பா எனக்குன்னு சொல்லிட்டாரு. போன்ல.”

“எப்ப? நீ போனை எடுத்த அன்னிக்கா? அப்படி ஒரு நாள் வந்திருந்தா காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருப்பேனே.”

அவனுக்குப் பக்கத்தில், காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறை ஒரு சுருள் சுவரில் சாய்ந்து நின்றது. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவன் வழியில் பூ வாங்க மறந்திருந்தான். இதை வாங்க மறக்கவில்லை. 

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இருவரையுமே வெறும் அற்பங்கள் என்று நினைக்கத் தோன்றும். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாகச் சேர்ந்த பழைய ரிசீவர் அது. நாற்பத்தைந்து வயது. முகம் முழுக்க வெள்ளி நிறத் தகடு, பக்கங்களில் மரம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. டயலில் நீல வெளிச்சம் வரும், நாலைந்து விநாடி யோசிக்கும், உள்ளே ‘டக்’ என்று ஒரு ரிலே சுவிட்ச் விழும், அதற்குப் பிறகுதான் சத்தம். ஸ்டேஷன் தேடும் குமிழை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் அது தன் பாட்டுக்குச் சுழன்று, முள்ளை டயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போகும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ‘டக்’கென்று விழும் ரிலேயை நம்பிய அளவுக்கு அவர் எந்த மனுஷரையும் நம்பியதில்லை.

லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெக்கானிக் மேலே மெயின் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். ‘ஆள் உள்ளே. தொடாதே.’ மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் கை வைக்கக் கூடாது. அந்த அட்டையில் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் வால்யூம் குமிழில் அதை மாட்டுவார். கேட்டு முடித்து எழுந்ததும் கழற்றிச் சுவர் ஆணியில் போடுவார். அட்டை குமிழில் தொங்கும்வரை அவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தாலும். ஒன்பது வயதில் பெரியவன் ஒருமுறை அதைக் கழற்றி, கன்னத்தில் ஐந்து விரலும் பதிய வாங்கிக் கட்டிக்கொண்டான். அம்மா இருந்தவரை அந்த அட்டையோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

இப்போதும் அது குமிழில் தொங்கிக்கொண்டிருந்தது.

“உனக்கு எதுக்கு இது?” என்றான் பெரியவன். “அந்த ஆளும் வேணாம், அவர் பொட்டியும் வேணாம்னு நீதானே சொல்லிட்டிருந்த?”

“ஆமா, சொன்னேன். பதிமூணு வருஷம் கூட இருந்து சொன்னேன். நீ அஞ்சு மணி நேரத் தூரத்துல உக்காந்துக்கிட்டு ‘எங்கப்பா தங்கம்’னு சொன்ன. உனக்கென்ன வலிச்சுது?”

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பிரஷால் தினமும் காலையில் ரிசீவரின் குமிழ்களுக்கு நடுவே தூசி தட்டுவாள். பிரஷ் படலாம், விரல் படக் கூடாது. அதுதான் உத்தரவு. பதிமூன்று வருஷத்தில் ஒரு குமிழைக்கூட அவள் திருப்பிப் பார்த்ததில்லை. சமையலறையில் நின்று கேட்டதுண்டு. வயலின் வரும் இடத்தில் கையிலிருக்கும் கரண்டி தானாக நின்றுவிடும். அதைப் போய் அவரிடம் சொல்ல அவள் என்ன ஏமாளியா?

“பொணத்தை வெச்சுக்கிட்டு என்ன சண்டை உங்களுக்கு?” என்று கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

“கடைசியில கூட இருந்தது நான், அத்தை. என் கையைப் பிடிச்சிட்டுத்தான் போனாரு.” நேற்றிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயில் நன்றாகப் படிந்திருந்தது. “அவரை நான் பாத்துக்கிட்டேன். பொட்டியையும் நான் பாத்துக்கறேன். யாரும் தூக்கிட்டுப் போக வேணாம்.”

அந்த நேரத்தில்தான் எட்டரை வந்தார். அப்பாவோடு முப்பது வருஷம் லிஃப்ட் வேலை பார்த்தவர். யாரோ ஒரு அவசரக்காரன் அட்டையைக் கழற்றிவிட்ட நாளில், கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடது கையின் ஒன்றரை விரலைப் பறிகொடுத்தவர். மிச்சத்தை எண்ணி அந்தப் பெயரை வைத்தது அப்பாதான். அவருடைய நகைச்சுவை அந்த ரகம்.

“வாங்க மாமா” என்றான் பெரியவன். “ஒரு கை புடிங்க. வண்டியில ஏத்திடலாம்.”

எட்டரை பெட்டிப் பக்கம் வந்தார். அட்டையைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அட்டை தொங்குதே.”

“அதுக்கென்ன, கழட்டினாப் போச்சு.”

“தொடாத!”

 அந்த மனிதர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

“போட்டவன் எடுக்கணும். போட்டவனால முடியலன்னா, அவன் வெளிய வந்ததைக் கண்ணால பாத்தவங்க எடுக்கணும். வேற யாரும் தொடக் கூடாது.” அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். “நீ கூடவே இருந்தேன்னு சொன்னாங்க. பாத்தியாம்மா? அவன் போனதைப் பாத்தேன்னு சொல்லு, நீயே எடுத்துடு. அப்புறம் பொட்டி உன் பொறுப்பு.”

பாத்தேன். அந்த ஒரு வார்த்தைதான் தேவை. நேற்றிலிருந்து நாற்பது பேரிடம் சொன்ன பொய்தான், நாற்பத்தொன்றாவது ஆளிடம் சொல்ல என்ன கஷ்டம்?

நேற்றுக் காலை அவள் பிரஷோடு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றிருந்தாள். “நகரு. சத்தத்தை மறைக்கிற” என்றார் அப்பா. தினமும் சொல்வதுதான். நேற்று என்னவோ அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்களும் உங்க பொட்டியும் ஒண்ணாப் போய்ச் சேருங்க” என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். கடைசித் துணிக்குக் கிளிப் போடும்வரை கீழே புல்லாங்குழல் கேட்டது. இறங்கி வந்தபோது ஒரு பெண் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். சொன்னதற்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பக்கத்தில் போனவள், அட்டை தொங்குவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அறிக்கை முடியட்டும் என்று காத்து நின்றாள். எங்கே மழை, எங்கே வெயில் என்று முழுவதையும் கேட்டாள். அவர் ஒருநாளும் வானிலை கேட்கிறவர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்போதும் குமிழைத் தொடவில்லை. சுவர் சுவிட்சைத்தான் அணைத்தாள்.

“பாத்தியாம்மா?”

“பாக்கல.”

“என்னது?” பெரியவன் எழுந்து நின்றான். “கையைப் பிடிச்சிட்டிருந்தேன்னு ஊர் பூரா சொன்ன?”

“பொய் சொன்னேன். நான் மாடியில இருந்தேன். போதுமா?”

அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

“சரி, யாருமே பாக்கல. இப்ப என்ன மாமா பண்றது? அட்டையோட தூக்கிட்டுப் போகவா?”

“குழியில ஆள் இருக்கானா இல்லையான்னு தெரியலன்னா கூப்பிட்டுப் பாக்கணும். மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு நிக்கணும். பதில் வரலன்னா எடுக்கலாம்.”

“அவ்வளவுதானே?” பெரியவன் பெட்டிப் பக்கம் குனிந்தான். “அப்பா, அப்பா, அப்பா. ஆச்சா?”

“நீ பதிலுக்கு நிக்கல” என்றார் எட்டரை. “அதோட, கூப்பிட வேண்டியது அந்தக் குழியில கூட வேலை பாத்தவங்க. நீ பாக்கலியே.”

பெரியவன் கூடத்துப் பக்கம் ஆதரவு தேடினான். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

சின்னவள் ரிசீவருக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பாவை அப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. ‘சாப்பாடு ஆச்சு’, ‘மாத்திரை இருக்கு’ என்று சுவரைப் பார்த்துச் சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தாள்.

“அப்பா.”

நின்றாள். கூடத்தில் குளிர்பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா.”

இந்த முறை குரல் உடைந்துவிட்டது. அவருக்காக அழுவதாக அவளுக்கு உத்தேசமே இல்லை. அழுகை வந்ததில் அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெரியவன் உறையின் ஓரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

“மூணாவது?” என்றான்.

“கூப்பிடறப்ப கூப்பிடுவேன்.”

“எப்ப?”

“தெரியாது. நீ உன் சுருளைச் சுத்திக்கிட்டுக் கிளம்பு.”

“மாமா, இது என்ன அநியாயம்? பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!”

“மூணாவது கூப்பிடாம எடுக்கக் கூடாதுப்பா” என்று எட்டரை தன் இடது கையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். 

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. அப்பாவைத் தூக்கினார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் பெரியவன் தோள் கொடுத்தான். எல்லாம் முடிந்து திரும்பியதும் அவன் வீட்டுக்குள் வரவில்லை. வண்டியிலிருந்தபடியே கண்ணாடியை இறக்கினான்.

“இனிமே உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல.”

“இருந்தானா?” என்றாள் அவள்.

அவன் போன பிறகு எட்டரையும் கிளம்பினார். அத்தை தட்டுமுட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் போனாள். வெயில் சாய்ந்து பக்கத்து அறை ஜன்னல் வழியாக உள்ளே விழுந்திருந்தது. ஒரே நாளில் ரிசீவர்மேல் தூசி படிந்துவிட்டிருந்தது. சின்னவள் ஸ்பீக்கர் கம்பியை இருந்தபடி முடுக்கினாள். பிரஷை எடுத்து, அட்டையில் படாமல் குமிழ்களைச் சுற்றித் துடைத்தாள். பிறகு சுவர் சுவிட்சைப் போட்டாள்.

நீல வெளிச்சம் வந்தது. பெட்டி நாலைந்து விநாடி யோசித்தது. உள்ளே ‘டக்’ என்று ரிலே விழுந்தது. எங்கோ ஒருவர் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

கையில் பிரஷோடு அப்பாவின் நாற்காலிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தவள், ஒரு அடி ஓரமாக நகர்ந்து நின்றாள்.