ஒன்பது சண்டை, எட்டு ஆள்

அந்தத் தையலை எங்கே பார்த்தாலும் டாக்டர் சேகருக்குத் தெரியும். அவனே போட்டது. இடது முன்கையில் ஏழு முடிச்சு, ஐந்தாவது மட்டும் கோணல். போன டிசம்பரில், ராணுவம் ஆட்சியைப் பிடித்த வாரத்தில், அந்தத் தீவு நாட்டின் லௌடோகா ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் வேலைக்கு வராத ஒரு மத்தியானம் அவசர அவசரமாகப் போட்டான். கூரைத் தகரம் கிழித்து வந்த அந்த ஆளின் பெயர் வைசாகே. வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். அதே மாதம் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். அப்புறம் ஏப்ரலில் வைசாகேயைக் குத்துச்சண்டை ரிங்கில் பார்த்தான். ஷாநீல் என்ற இருபது வயதுப் பையனிடம் அடிவாங்கி மல்லாந்து கிடந்தான். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததும் சேகர்தான்.

இப்போது ஜூலை. எடை பார்க்கும் அறையில் அதே கை, அதே கோணல் முடிச்சு. காகிதத்தில் மட்டும் பெயர் விலியாமே என்றும் ஊர் 'பா' என்றும் இருந்தது. எதிராளி அதே ஷாநீல்.

"பொன்சாமி, இது வைசாகே. ஏப்ரல்ல விழுந்தவன். மூணு மாசம் ரிங்குல ஏறக் கூடாதுன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன், அது இன்னும் முடியல" என்றான் சேகர்.

பொன்சாமிக்கு அறுபத்தைந்து வயது. சண்டைகளுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவருவது அவர் தொழில். கோயிலில் நாலு பேரோடு பேசிப் பேசி வைத்திருந்த பழைய மெட்ராஸ் தமிழை, டாக்டரைக் கண்டால் எடுத்து விரிப்பார்.

"இன்னா டாக்டர் சார், காய்விதி ஆளுங்க, இந்த மண்ணுல பொறந்தவங்க, நம்ம கண்ணுக்கு எல்லாம் ஒரே மாரிதான் கீறாங்க."

"என் தையல் எல்லார் கையிலயும் இருக்காது."

பொன்சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சேகருக்கு அருவருப்பாக இருந்தது. இந்த ஒரு வருஷத்தில் ஷாநீலுக்கு எதிரே அவர் கொண்டுவந்து நிறுத்திய ஆட்களை எல்லாம் தொட்டுப் பார்த்தவன் அவன். ஒருத்தனுக்கு வலது கண்ணில் புரை. ஒருத்தனுக்கு மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஒருத்தன் நாற்பத்தாறு வயதை முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் 'தகுதி உண்டு' என்று கையெழுத்துப் போட்டாயிற்று. முதல் தடவை போட்டபோது கை கூசியது. அப்புறம் கூசவில்லை. சண்டைக்கு மறுநாள் பொன்சாமி வீட்டுக்கு அனுப்பி வைக்கும் வாலு என்கிற பெரிய கடல்மீனை முழுசாக வாங்கி வைக்கவும் பழகிவிட்டது.

வைசாகே தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் சொன்னான்: "எழுதிடுங்க டாக்டர். சுரங்கம் மூடி ஏழு மாசமாச்சு. வீட்டுல நாலு பிள்ளைங்க."

சேகர் எழுதினான். முதல் ரவுண்டிலேயே ஷாநீலின் குத்து தோளில் உரசிப் போனது. வைசாகே தாடையில் பட்டவன் மாதிரி விழுந்தான். கூட்டம் எழுந்து நின்று ஆடியது. ஷாநீல் கயிற்றின் மேல் ஏறி ஒன்பது விரல்களைக் காட்டினான். மருத்துவக் கல்லூரி நாட்களில் சென்னையில் ஒரு சண்டை விடாமல் பார்த்தவன் சேகர். அந்தப் பைத்தியத்தில்தான் இந்த ரிங் டாக்டர் வேலைக்கும் ஒப்புக்கொண்டான். வளரும் பையன் தேறுவானா என்று பார்க்க அவன் குத்தை மட்டும் பார்த்தால் போதாது, எதிரே யார் நின்றார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஷாநீலுக்கு எதிரே இதுவரை யாருமே நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷாநீலின் அப்பா தர்மேந்திரா, நடபுவாவில் இருக்கும் தன் வீட்டுக்குச் சேகரைச் சாப்பிடக் கூப்பிட்டார். வீடு என்றால் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. கரும்பு நிலத்தின் லீஸ் முடிந்து, நிலத்துக்காரர்கள் திரும்பக் கேட்டு, மூன்று தலைமுறை இருந்த இடத்திலிருந்து ஒரு லாரியில் ஏறி வந்த குடும்பம். சாப்பிட்டு முடித்ததும் தர்மேந்திரா ஒரு காகிதத்தை நீட்டினார். சிட்னியில் சண்டை நடத்துகிற ஒருவர் ஷாநீலை ஆகஸ்டில் வரச் சொல்லியிருக்கிறார். விசாவுக்கு அவரே கடிதம் தருவார். இங்கிருந்து ரிங் டாக்டர் இந்தப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

சேகர் படித்துப் பார்த்தான். பையன் இதுவரை தோற்றதே இல்லையா? விழுந்ததே இல்லையா? எதிரே நின்றவர்கள் தகுதியானவர்களா? கீழே, சிட்னியில் எதிராளி யார் என்று போட்டிருந்தது. அவனும் தோற்காதவன், பதினான்கு சண்டை. சேகருக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. அங்கேயும் ஒரு பொன்சாமி இருக்கிறார். தன் பையனின் பதினைந்தாவது வெற்றி பெரிசாகத் தெரிய, தோற்காத ஆள் ஒருத்தன் அவருக்கு வேண்டும். உண்மையில் தோற்காதவனாக இருக்க வேண்டியதில்லை, காகிதத்தில் இருந்தால் போதும்.

"தர்மேந்திரா, உங்க பையன் இன்னும் ஒரு நிஜக் குத்து வாங்கினது கிடையாது. அங்க இருக்கிறவன் கொன்னுடுவான்."

தர்மேந்திரா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் தமிழ் பாதி, இந்தி பாதி.

"டாக்டர் சாப், ரிங்குக்கு எவன் போறான்? கம்லாவோட பாய், பையனுக்கு மாமா, சிட்னியில இருக்கான். ஏர்போர்ட்ல இருந்து நேரா அவன் கர்ல போய்த் தங்கிக்குவான். அப்புறம் ஒரு வேலை காம் தேடிக்குவான். இங்க இன்னா இருக்கு? ஒரு கூ, அப்புறம் ஒரு கூ, திரும்பத் திரும்ப ராணுவம்தான் ஆட்சியப் புடிக்குது. நம்ம ஆளுங்க எல்லாம் கிளம்பியாச்சு. ஒருத்தன் போய்ட்டா மத்தவங்கள பின்னாடி இழுத்துக்குவான்."

ஷாநீலின் அம்மா கம்லா தட்டுகளை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "பையனுக்கு இன்னும் சொல்லல. பிளேன் ஏறின அப்புறம் மாமா சொல்லுவார்."

ஆக, இந்த வெற்றிகள் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். பொன்சாமிக்குத் தெரியும், அப்பா அம்மாவுக்குத் தெரியும், சிட்னிக்காரனுக்குத் தெரியும், விழுந்தவர்களுக்கும் தெரியும். குத்துகிறவனுக்கு மட்டும் தெரியாது. இவ்வளவு அன்பாகச் சோறு போட்ட வீட்டின் மேல் கோபப்படவும் முடியவில்லை. சேகர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

கார் வரைக்கும் ஷாநீல் கூடவே வந்தான். அவனுக்குத் தமிழ் வராது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட இந்தியில்தான் சேகர் அவனோடு பேசுவான்.

"டாக்டர், அம்மா ஒளிச்சு ஒளிச்சுப் பேசுறது எனக்குத் தெரியும். மாமா வீட்டுல போய் ஒளிஞ்சுக்க நான் போகல. சண்டை போடத்தான் போறேன். நீங்க பெரிய பெரிய சண்டை எல்லாம் பார்த்தவர். நிஜமாச் சொல்லுங்க, நான் தேறுவேனா?"

"தெரியாது" என்றான் சேகர். அதுதான் உண்மை. பையனின் கால்கள் நன்றாக ஓடின, கை வேகமாக வந்தது. ஆனால் ஒரு குத்து வாங்கிய பிறகு அந்தக் கால்கள் என்ன செய்யும் என்று யாருக்குமே தெரியாது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜிம்முக்கு வா. வைசாகேயைக் கூப்பிடறேன். நிஜமா மூணு ரவுண்ட். அப்புறம் எழுதறேன்."

வைசாகே என்ற பெயரைக் கேட்டு ஷாநீல் முழித்தான்; ஏப்ரலில் சாய்த்தவன் பெயரும் முகமும் அவன் மனதில் நிற்கவில்லை. "விலியாமே" என்று சேகர் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு முறை விழுந்த ஒருத்தனை மூன்றாம் முறை ரிங்கில் ஏற்றுகிறோம், அதுவும் டாக்டராக இருந்துகொண்டு, என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஏப்ரலிலும் ஜூலையிலும் அவன் நிஜமாக விழவில்லை, நடித்தான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் அவனுக்கே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தவுவாவிலிருந்து பஸ் மாறி வைசாகே வந்து சேர்ந்தான். யார் சொன்னார்களோ, பொன்சாமியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நிஜமா அடி. விழாதே" என்று சேகர் வைசாகேயின் காதில் சொன்னான். அவன் தலையாட்டினான்.

முதல் நிமிஷத்திலேயே சேகர் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டான். ஷாநீல் போட்ட ஆறு குத்தில் ஒன்றுகூட வைசாகே மேல் படவில்லை. தலையை ஒரு விரற்கடை நகர்த்துவான், குத்து காற்றில் போகும். இரண்டே அடியில் பையனை மூலைக்குத் தள்ளினான். இவன் குத்துச்சண்டைக்காரன். சுரங்கத்து டீமில் ஒரு காலத்தில் யாரையெல்லாம் சாய்த்தானோ. ஷாநீலின் தடுப்பு திறந்துகொண்டது. வைசாகேயின் வலது கை கிளம்பி, பையனின் தாடைக்கு முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டது.

அவன் கண் பெஞ்சுக்குப் போயிற்று. பொன்சாமி அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாநீலின் அடுத்த குத்து வைசாகேயின் கன்னத்தைத் தொட்டது. வைசாகே முழங்கால் மடங்கி உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, படுத்துக்கொண்டான்.

ஷாநீல் கையைத் தூக்கவில்லை. தாடைக்கு முன்னால் வந்து நின்ற கையை அவனும் பார்த்துவிட்டான்.

"ஏன் நிறுத்தின?" என்று கேட்டான்.

வைசாகே கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னான். "செப்டம்பர்ல நாடி டவுன்ல இன்னொரு பையனுக்கு என்னைக் கூப்பிடறதாச் சொல்லியிருக்காங்க. உன்னைச் சாய்ச்சுட்டா அப்புறம் யார் கூப்பிடுவா?"

"எழுந்திரு. ஒரே ஒரு தடவை அடி."

"வேண்டாம் தம்பி."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அடி" என்றான் ஷாநீல். மண்டியிட்டு, தன் முகத்தை வைசாகேயின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். வைசாகே கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஒன்பது சண்டை ஜெயித்தவன், தன்னை அடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். சேகரால் பார்க்க முடியவில்லை.

பொன்சாமி எழுந்து வந்தார். "போதும் சார் இந்தக் கூத்து. கையெழுத்தப் போட்டுக் குடுங்க. பையன் பொழச்சிப் போவட்டும்."

ஷாநீலும் சேகரைப் பார்த்துத் திரும்பினான். "போடுங்க டாக்டர். அங்க போனாலாவது யாராவது என்னை அடிப்பாங்க இல்ல?"

"அடிப்பான். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறான். உனக்கு இவன் எப்படியோ, அவனுக்கு நீ அப்படி. ஆனா இவனுக்கு விழத் தெரியும், உனக்குத் தெரியாது."

சேகர் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தான். 'எதிராளிகள் தகுதியானவர்களா?' என்ற கேள்விக்கு எதிரே கொஞ்ச நேரம் பேனா நின்றது. அங்கே உண்மையை எழுதினால், தன் கையெழுத்து ஒன்பதும் பொய் என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். ரிங் வேலை போகும். ஆஸ்பத்திரி வேலையும் போகலாம், ஊருக்கே திருப்பி அனுப்பலாம். அவன் ஆங்கிலத்தில் எழுதினான்: ஒன்பது சண்டை, எட்டு ஆள். ஒருவர்கூடச் சண்டைக்குத் தகுதியானவர் அல்லர். எல்லோருக்கும் தகுதிச் சான்று கொடுத்தவன் நான். கீழே முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பொன்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பைத்தியமா டாக்டர் சார்? அந்தக் குடும்பத்துக்கு இருந்தது இது ஒண்ணுதான்" என்றார்.

அதுவும் உண்மைதான். சேகர் படிவத்தை ஷாநீலிடம் கொடுத்தான். அனுப்புவதும் கிழிப்பதும் அவன் பாடு. ஷாநீல் கிளவுஸைப் பல்லால் அவிழ்த்துப் போட்டுவிட்டு அதை இரண்டு தரம் படித்தான்.

"ஒருத்தன்கூடவா இல்ல?" என்று கேட்டான். "அந்த ட்ரெகேட்டிக்காரன், நெல் வயல்ல இருந்து வந்தானே, அவன் நல்லா நின்னான் டாக்டர். என் உதட்டைக்கூடக் கிழிச்சான். அவனை நான் நிஜமாத்தான் சாய்ச்சேன்."

சேகர் பொய் சொல்ல நினைத்தான். வாய் வரைக்கும் வந்தது.

"அவனுக்கு அன்னிக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்" என்றான்.