இருபத்துநாலும் இருபத்தைந்தும்

இயக்குநர் முனாப் மூன்று முறை அழைத்தும் சோபனா எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்தாள்.

“என்ன புள்ள இது? படம் ஒரு பக்கம் போகுது, உங்கட மியூசிக் ஒரு பக்கம் போகுது. அவ கந்தோர்க் கதவத் திறக்க முதலே வயலின் அழுது முடிச்சிட்டு.”

“வயலின் அழயில்ல நானா. அது கோபம்.” அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அவள் அழைப்பாள்.

“அத ஆறு மாசமா கேட்டுட்டன். அஞ்சு மணிக்குள்ள படம் கொழும்புக்குப் போகோணும். வெளிக்கிட்டு வாங்க.”

உப்புவெளியில் பஸ் ஏறும்போது காலை ஒன்பதரை. மடிக்கணினியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முனாப் எங்கோ கைவைத்திருக்கிறார் என்றே நினைத்தாள். சொல்லாமல் காட்சிகளை வெட்டியிருப்பார். படத்தை இனித் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணிய பிறகுதான் அவள் கடைசி இசையைப் பதிவுசெய்திருந்தாள்.

முப்பத்துநாலு வயதுக்குள் சோபனா பதினொரு குறும்படங்களுக்கு இசையமைத்திருந்தாள். இரண்டில் அவளுடைய பெயரே வரவில்லை. ஒன்றில் ‘சோபனன்’ என்று வந்தது. இன்னொரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், “பின்னணி இசை இருந்ததே தெரியேல்ல, அவ்வளவு நல்லம்” என்று அவளுடைய கையைப் பிடித்துப் பாராட்டினார். அதற்கு முன் நாலு வருடம் இன்பாஸின் கலியாண வீடியோக்களுக்குக் கேக் வெட்டும் இசை போட்டாள். இது முதல் முழுநீளப் படம். இதுவும் யார் காதிலும் ஏறாமல் போனால் கேக்குக்கே திரும்பிவிடலாம் என்று அவள் தனக்குள் சொல்லி வைத்திருந்தாள்.

படத்தின் கதை சின்னது. துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட கணவனின் படகைத் திருப்பிக் கேட்டு, ஒரு பெண் கிழமைக்கு ஒருமுறை, வாரம் தவறாமல், கிண்ணியாப் பாலத்தை நடந்து கடந்து துறைமுக அலுவலகமான கந்தோருக்குப் போகிறாள். பாலத்தில் அவள் நடக்கும் நாலு நிமிடத்துக்குத்தான் சோபனா தன் ஆறு மாதத்தில் பாதியைக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண்ணின் ஒவ்வோர் அடியிலும் ஒரு தாளம் விழும். நிமிடத்துக்கு நூறு அடி. அதற்கு மேலே, அந்தப் பெண் வாய்க்குள் முனகும் மெட்டோடு ஒட்டிக்கொண்டு வயலின் போகும்.

சண்டையும் அந்த நாலு நிமிடத்தில்தான். “கொஞ்சம் ஆறுதலா” என்று முனாப் குரல்பதிவு அனுப்புவார். “அவ நடக்கிற வேகம் அது, காலைப் பாருங்க” என்று இவள் பதில் அனுப்புவாள். “நானும் காலத்தான் பாக்கன்” என்று அடுத்தது வரும். இவள் இசையை மட்டும் தொலைபேசிக்கு அனுப்பினாள். அவர் கிண்ணியாவில் இருந்து தனியாகக் கேட்டார். ஒரே அறையில் இருந்து இரண்டு பேரும் ஒருநாளும் படம் பார்க்கவில்லை. நேரில் கண்டால் கைகலப்பாகும் என்று இன்பாஸ் பகிடி விடுவான்.

இன்பாஸின் ஸ்டூடியோ துறைமுகப் பக்கத்தில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடி. அவனே படத்தொகுப்பாளன். சோபனா ஏறி வந்தபோது முனாப் கதிரையில் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை நிமிசம் வெட்டினீங்க நானா?”

“ஒரு செக்கன் வெட்டயில்ல. அல்லாஹ்வுக்காக.”

“அப்ப எனக்குத் தந்த கொப்பியில தொண்ணூற்றாறு நிமிசம், இதில நூறு நிமிசம் எப்பிடி?”

இன்பாஸ் திரும்பிப் பார்த்தான். “எங்க, ரெண்டையும் பக்கத்தில வையுங்க பாப்பம்.”

கந்தோர்க் காட்சியில் இரண்டு திரைகளையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். அந்தப் பெண் கதிரையில் காத்திருக்கிறாள். தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம். சற்று நேரத்தில் சோபனாவின் திரையில் அவள் எழுந்துவிட்டாள். இன்பாஸின் திரையில் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

சோபனா தொலைபேசியில் செக்கன் எண்ணும் பக்கத்தைத் திறந்து, தன் திரையின் கடிகாரத்தோடு பிடித்தாள். செக்கன் முள் ஒரு சுற்றைச் சுற்றி முடிக்க ஐம்பத்தேழரைச் செக்கன்தான் ஆனது. மூன்று தரம் பிடித்தாள். மூன்று தரமும் அதுவே. ஆறு மாதமாக அந்தக் கடிகாரம் கண்முன் ஓடியிருக்கிறது. அவள் பார்த்ததெல்லாம் கால்களை.

“இன்பாஸ், எனக்குக் கொப்பி அடிச்சது எதில?”

அவன் தலையைச் சொறிந்தான். “கமரா செக்கனுக்கு இருபத்துநாலு படம் பிடிச்சது. கலியாண வீடியோவுக்கு இருபத்தைஞ்சு. மெசினை அந்தச் செட்டிங்கிலயே விட்டுட்டன் போல. உங்கட கொப்பி வேகமா ஓடியிருக்கு.”

“ஆறு மாசம்!” என்றார் முனாப். “ஆறு மாசமா இந்தப் புள்ளையோட நான் எதுக்குச் சண்டை புடிச்ச?”

சோபனாவுக்கும் அதே கேள்விதான். ஆனால் ஏசுவதற்கு இன்பாஸின் முகம் இடம் தரவில்லை. மீன் போட்ட பொலித்தீன் பை ஓட்டையானதைப் பாதி வழியில் கண்டவன் போல நின்றான்.

“வயலின்காரப் புள்ள பிரியதர்சினியைக் கூப்பிட்டுத் திரும்ப வாசிப்பம்” என்றார் முனாப்.

“பிள்ளை பிறந்து ஒன்பது நாள். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாம வயலினத் தொடமாட்டா. அவ தொட்டாலும் மாமி விடமாட்டா.”

“அப்ப வேற யாரும்?”

“அஞ்சு மணிக்குள்ளயா?”

வழி ஒன்று இருந்தது. அது அவளுக்கு உடனேயே தெரிந்தது, தெரிந்ததுதான் எரிச்சல். படம் எவ்வளவு வேகமாக ஓடியதோ, அவ்வளவால் இசையையும் மெதுவாக்க வேண்டும். சுருதி அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அந்தப் பெண்ணின் முனகலும் அவளுடைய கொப்பியில் அதே அளவு ஏறித்தான் கேட்டது என்பதால் இரண்டும் மீண்டும் சேர்ந்துவிடும். கணக்கில் ஒரு பிழையும் வராது. ஒரு மணித்தியாலம் போதும்.

செய்து முடித்து, பாலத்துக் காட்சியை ஓடவிட்டாள். அடிக்கு அடி தாளம் விழுந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. வயலின் தடித்து, களைத்துப்போன குரலாக வந்தது. அவளுடைய இசையின் மீது யாரோ ஈரச் சாக்கைப் போட்டது போலிருந்தது.

முனாப் கண்ணைத் துடைத்தார். “இதத்தானே புள்ள நான் ஆறு மாசமா கேட்டனான்!”

“இது நான் செய்ததில்ல நானா.”

“நீங்கதானே செய்தீங்க, இப்ப, என்ட கண்ணுக்கு முன்னால?”

“நான் செய்தது வேற.” குரல் உயர்ந்தது அவளுக்கே கேட்டது. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “இதையும் ஒருக்காப் பாருங்க. நான் பாத்த படத்த நீங்க இன்னும் பாக்கயில்ல.”

முனாப் கடைசியில் கதிரையில் உட்கார்ந்தார். வேகமான பாலம் ஓடியது. சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் விறுவிறென்று வந்தாள். வயலின் அவளுக்கு முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டு போனது.

“ஆரு இது?” என்றார் பிறகு.

“நீங்க எடுத்த ஆள்தான்.”

“நல்லாயிருக்கு. பொய் சொல்லயில்ல, நல்லாத்தான் இருக்கு.” அவர் தாடியைத் தடவினார். “ஆனா இவ ஒருநாள்தான் கந்தோருக்குப் போவா. அண்டைக்கே மேசையைப் பிரட்டிப்போட்டு வந்திருவா. என்ட படத்தில அவ அடுத்த கிழமையும் போகோணும். அதுக்கடுத்த கிழமையும்.”

சோபனா மடிக்கணினியை மூடினாள்.

“ஓம்” என்றாள். “அனுப்புங்க.”

இன்பாஸ் அனுப்பத் தொடங்கினான். “பழைய கொப்பியை அழிச்சு விடுறதா? கன இடம் பிடிக்குது.”

“உங்களிட்ட இருக்கிறத அழியுங்க. என்னட்ட இருக்கிறது இருக்கட்டும்.”

“பெயர் சரியாப் போட்டிருக்கன். பாத்திட்டுப் போங்களன்.”

“சோபனன் எண்டு இல்லத்தானே?”

“ஐயோ இல்ல.”

“அப்ப சரி.” கீழே இறங்கிவிட்டாள்.

பஸ் நிலையத்தில் வெயில் நேராக இறங்கியது. மூதூர்ப் பஸ் அப்போதுதான் வந்து ஆட்களை இறக்கியது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிரிந்தாள். ஐம்பது வயதிருக்கும். கக்கத்தில் மூலை மடங்கிய கோப்பு. பலமுறை திறந்து மூடிய கோப்பு. மாவட்ட அலுவலகமான கச்சேரிப் பக்கமாக நடந்தாள். புளியமரத்தடியில் நின்ற ஓட்டோக்காரன், “என்னக்கா, இந்தக் கிழமையுமா?” என்று கேட்டான்.

“வேற என்ன வேலை எனக்கு? அவங்களுக்கும் என்னைக் காணாட்டி நித்திரை வராது” என்றாள் அவள், நிற்காமல்.

சோபனாவின் விரல் தானாகவே தொடையில் தட்டத் தொடங்கியது. தொலைபேசியில் செக்கன் ஓடியது. அந்தப் பெண் வீதியைக் கடந்து, சைக்கிள்காரன் ஒருவனைக் கையால் விலக்கி, மதில் ஓரமாகத் திரும்பும் வரைக்கும் எண்ணினாள்.

நிமிடத்துக்கு நூற்றுப் பதினொரு அடி.

மறுபடியும் எண்ணிப் பார்க்க ஆளில்லை. இன்பாஸை அழைத்தாள்.

“எவ்வளவு போயிட்டு?”

“எழுபத்துநாலு வீதம். ஏன் அக்கா?”

“நானா இருக்கிறாரா?”

“லுகர் தொழப் போயிட்டார். வந்தா எடுக்கச் சொல்லட்டா?”

உப்புவெளி பஸ் வந்து நின்றது. நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கத்திக்கொண்டு குதித்தார். சோபனா தொலைபேசியைக் காதிலேயே வைத்தபடி, அந்தப் பெண் திரும்பிப்போன மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா? எழுபத்தாறு.”

“சொல்லுங்க அவருக்கு” என்றாள். “நூற்றுப் பதினொன்று எண்டு சொல்லுங்க. அவ போன கிழமையும் வந்தவவாம்.”

“ஆரு?”

பஸ் ஹோர்ன் அடித்தது.