ஹெஸ்டருக்கு விலகிய வேலிகள்

ஹெஸ்டர் பிராபர்ட் கார் ஓட்டிச் சென்றபோதெல்லாம் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டைச் சுற்றியுள்ள, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைப் பாதைகளின் உயிர்வேலிகள், எதிரே ஒரு வண்டி தாராளமாகக் கடக்கும் அளவுக்கு விலகி நின்றன. அவள் போன பிறகு பழைய இடத்துக்குத் திரும்பின. சைடர் மதுவுக்கான ஆப்பிளின் விலை சரிந்த ஆண்டில் இது தொடங்கியது. வேலியோரம் நின்ற மாடுகள் இரண்டடி நகர்ந்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. மாவட்ட மன்றத்திலிருந்து இருவர் அளவு நாடாவுடன் வந்து, அவள் வீட்டில் இருந்த நேரத்தில் பாதையை அளந்தனர். அகலம் சரியாக இருந்ததால் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பிச் சென்றனர்.

அவள் கணவன் கிளெமென்ட் அதே பாதைகளில் முப்பது ஆண்டுகளாகப் பால் லாரி ஓட்டியவன். அவனுக்கு ஒரு புதர்கூட விலகியதில்லை. முட்கள் லாரியின் கதவுகளில் கோடு கிழித்தன. பக்கக் கண்ணாடிகளைப் பறித்தன. எதிரில் வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென விடப்பட்ட இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்வாங்க வேண்டும் என்பது அவ்வட்டாரத்து மரியாதை. பின்வாங்குவதில் கிளெமென்டை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தனர். அவனுக்கென்று இருந்த புகழ் அது ஒன்றே.

ஹெஸ்டர் ஐம்பது வயதைக் கடந்த பிறகே ஓட்டக் கற்றாள். இறந்துபோன அக்காள் விட்டுச்சென்ற பச்சை மாரிஸ் காரில் ஞாயிறுதோறும் ஊர் பார்க்கக் கிளம்பினாள். முதலில் ஹெரிஃபோர்டின் பேராலயத்தை ஒரு முறை சுற்றிவந்தாள். பிறகு வியோப்லியின் கறுப்பு வெள்ளை வீடுகள், லெட்பரி, வை ஆற்றின் வளைவுகள் என்று ஒவ்வொரு வாரமும் சற்றுத் தள்ளிப் போனாள். உள்ளே பலகையிட்டு அமரக்கூடிய யூ மரத்தைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நாள்தோறும் அம்மரத்தைக் கடந்துபோன கிளெமென்டுக்கு அது பொந்துள்ளது என்றே தெரியாது. அவளுக்குப் பேரிக்காய் மது கொடுத்தனுப்பிய பண்ணையில் அவனுக்கு யாரும் தண்ணீர்கூட நீட்டியதில்லை. வேறோர் ஆணைப் பற்றி விசாரிப்பவனைப் போல, எந்தப் பாதை, எவ்வளவு விலகியது, அப்போது பூத்திருந்ததா என்றெல்லாம் அவன் விசாரித்தான். அவள் எதையும் மறைக்காமல் சொன்னதால் அவன் தூக்கம் கெட்டது.

“என்னப்பா கிளெம், உன் பொண்டாட்டிக்கு ரோடே எந்திரிச்சு நிக்குதாமே,” என்றான் மதுக்கடையில் டட்லி கோல். “உனக்கு உன் வீட்டு நாயாவது நகருமா?”

நாய் நகராது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

கிளெமென்ட் ஒருமுறை மாரிஸைத் தானே எடுத்துச் சென்றான், வேலிகள் அசையவில்லை. மறுமுறை மனைவியின் மேலங்கியை அணிந்து, அவளது தலைத்துணியைக் கட்டிக்கொண்டு போனான். இரண்டாம் வளைவில் ஒரு முட்கொடி சன்னல் வழியே நீண்டு வந்து தலைத்துணியை மட்டும் எடுத்துக்கொண்டது. அன்று முதல் அவனுக்கு ஒரே ஆசைதான் இருந்தது: ஒரே ஒரு முறை அவள் பின்வாங்குவதைத் தான் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவள் கோல்டன் பள்ளத்தாக்குக்குப் போவதாகச் சொன்னாள். பாறையை நடுவே பிளந்து வெட்டிய பாதை ஒன்று அங்கே உண்டு. கிளெமென்ட் சுற்றுவழியில் லாரியைக் கொண்டுபோய் மேட்டிலிருந்து இறங்கி, அப்பாதையின் நடுவே அவளை எதிர்கொண்டான். இருபுறப் பாறைக்கு மேலிருந்த வேலிகள் வழக்கம்போல் விலக முயன்றன; பாறை இடம் தராததால் சிறிது இலை உதிர்த்துவிட்டு நின்றன. ஒதுங்கும் இடம் அவளுக்குச் சற்றுப் பின்னாலேயே இருந்தது. அவன் இஞ்சினை அணைத்தான். அவள் இறங்கி அவன் சன்னலருகே வந்தாள்.

“பின்னால எடு ஹெஸ்டர். முறைப்படி நீதான் எடுக்கணும்.”

“எனக்கு வராது கிளெம். லைசென்ஸ் வாங்கின அன்னைக்கு எடுத்ததோட சரி. அப்புறம் தேவைப்படல.”

“முப்பது வருஷமா நான் எடுக்கறேன். ஒரு செடி எனக்காக நகந்ததில்ல.”

“முப்பது வருஷமா வீட்ல நான் பின்னால எடுக்கறேன்,” என்றாள் அவள். “ஒரு நாளாவது நீ கவனிச்சியா?”

அவள் காருக்குத் திரும்பி, மடியில் கை வைத்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கிளெமென்ட் இஞ்சினை இயக்கினான். மேடு முழுவதும், ஒரு மைல் தூரம், இரு புறமும் உரசாமல் லாரியைப் பின்னோக்கிச் செலுத்தினான். அதற்குமுன் அவன் அவ்வளவு நேர்த்தியாக ஓட்டியதில்லை. பச்சைக் கார் அவனுக்கு முகம் காட்டியபடி ஊர்ந்து வந்தது. பாறை முடிந்த இடத்தில் அவன் ஒதுங்கினான். கடக்கும்போது ஹெஸ்டர், அவ்வட்டாரத்தில் வழிவிடும் யாருக்கும் செய்வதைப் போல, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு முதல் அவன் அவளுக்கு இடப்புறம் அமர்ந்து ஊர் பார்க்கப் போனான். அவன் பக்கத்து வேலியும் விலகியது. அவள் பக்கத்தைவிட ஒரு சாண் குறைவாக விலகியது. அதை அவன் முதல் வளைவிலேயே கவனித்துவிட்டான், வெளியே சொல்லவில்லை.